டெங்கு: காய்ச்சல் இறங்கும் நாள்

டெங்குவில் வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுகிற நாளில்தான் டாக்டர்கள் உஷாராகிறார்கள். நாலு நாளாக 103, 104 என்று கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஆனால் பையன் எழுந்து விளையாடவில்லை. வயிறு வலிக்கிறது என்கிறான், குடித்த கஞ்சியை வாந்தி எடுக்கிறான், கூப்பிட்டால் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, அசதியா இருக்கும், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, உடல்சூடு தணிகிற வேளையில் வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் இந்த நோயின் கண்டம்.

டெங்கு வைரஸ் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கட்டம் வருவதே இல்லை. பலருக்கு வந்து போனதே தெரியாது. மற்றவர்கள் காய்ச்சல், மூட்டுவலி, கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலி என்று ஒரு வாரம் பட்டுத் தேறிவிடுவார்கள். சிறு பகுதியினருக்கு மட்டும் ரத்தக் குழாய்களில் ஒரு விபரீதம் நடக்கிறது.

ரத்தக் குழாயின் உட்சுவர் மீது சர்க்கரையும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. கிளைக்கோகேலிக்ஸ் என்று பெயர். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே ஒழுகாமல் பார்த்துக்கொள்வதில் இதற்குப் பெரிய பங்கு. வைரஸ் பிடித்த செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. காய்ச்சலின் முதல் நாட்களில் லேப்பில் தேடுவது இதைத்தான். இந்தப் புரதம் அந்தப் பூச்சை அரிப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வைரஸை விரட்டக் கிளம்பிய நம்முடைய எதிர்ப்பு செல்கள் சுரக்கும் ரசாயனங்களும் சேர்ந்துகொள்ள, குழாய்ச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா கசிகிறது.

கசிந்த நீர் உடம்பை விட்டுப் போவதில்லை. நெஞ்சில் நுரையீரலைச் சுற்றி, பெரும்பாலும் முதலில் வலப்பக்கம், தேங்குகிறது, வயிற்றுக்குள் சேர்கிறது, ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் ரத்தம் கெட்டியாகிறது. பி.சி.வி. என்று ரிப்போர்ட்டில் வரும் எண் வழக்கத்தைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக இருக்கிறது என்று பொருள்.

பிரஷரும் ஒரு சேதி சொல்லும். 120/80 என்றால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 40. டெங்குவில் மேல் எண் கொஞ்சம்தான் இறங்கும், கீழ் எண் இறங்காது, சில நேரம் ஏறவும் செய்யும்: 100/80. இடைவெளி 20-க்கு வந்துவிட்டால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டது. அப்போதும் நோயாளி தெளிவாகப் பேசுவார் என்பதுதான் ஏமாற்றுகிற விஷயம். கை கால் ஜில்லிட்டிருக்கும். நர்ஸ் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தால், வெளுத்த இடம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும்.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்செல்லாம் பிளேட்லெட் பற்றித்தான். காலையில் 60 ஆயிரம், சாயங்காலம் 45 ஆயிரம் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போனில் ஊருக்கெல்லாம் போகும். வழக்கமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் இப்படிச் சரிவது பயமுறுத்தத்தான் செய்யும். ஆயினும் எண்ணை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதால் பயனில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20 ஆயிரமோ அதற்குக் கீழோ இருந்த, பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. பிளேட்லெட் ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் கொட்டுகிற நோயாளிக்கு ஏற்றுவது வேறு கதை. பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பிளாஸ்மா கசிவை அது அடைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சாறு இறங்கிவிட்டது என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் வம்பு.

நேரடியாக அடிபடும் உறுப்புகளில் முதன்மையானது கல்லீரல். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் ஏறும், சாதாரண மஞ்சள் காமாலைக்கு மாறாக இதில் எஸ்.ஜி.ஓ.டி. முந்தும். இரண்டில் ஒன்று 1,000-ஐத் தொட்டால் உலக சுகாதார நிறுவனம் அதைக் கடுமையான டெங்கு என்றே கணக்கிடுகிறது. ஏற்கெனவே தவிக்கிற கல்லீரலுக்கு மேலும் சுமை ஏற்றுவது, உடம்புவலி தாங்காமல் அளவுக்கு மீறிப் போடும் பாராசிட்டமால். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகளோ ரத்தப்போக்கைத் தூண்டிவிடும். மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்' என்று வாங்கும் பொட்டலத்தில் என்ன மாத்திரை இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

சிறுநீரகம் பெரும்பாலும் ரத்த ஓட்டம் குறைந்து கெடுகிறது. இதயத் தசை வீங்கித் துடிப்பு தாறுமாறாகலாம். மூளைக்கு எட்டினால் வலிப்பு, குழப்பம், மயக்கம். சிலருக்குக் காய்ச்சல் விட்ட சில நாளில் பார்வையின் நடுவே கறுப்புத் திட்டு தெரியும்; விழித்திரையின் மையம் வீங்கியிருக்கும்.

ஒருவரை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் வைரஸ் இன்னொருவரை ஏன் இப்படிப் படுத்துகிறது? டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அதற்கு எதிர்ப்பு நிலைக்கும், மற்ற மூன்றுக்கு நிலைக்காது. 1960-களில் பாங்காக்கில் குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட், கடுமையான நோய் இரண்டாம் முறை, வேறு வகை தாக்கும்போது அதிகம் வருவதைக் கவனித்தார். பழைய எதிர்ப்புப் புரதங்கள் புது வைரஸை ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. செல்களுக்குள் நுழைய வழிகாட்டிவிடும் என்பது அவருடைய விளக்கம். கியூபா இதற்குச் சாட்சியானது. அங்கே 1977-இல் முதல் வகை பரவியபோது நோய் லேசாக இருந்தது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். தடுப்பூசியும் இந்தச் சுழலில் சிக்கியது. பிலிப்பைன்ஸில் 2016 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்ட டெங்வாக்சியா, முன்பு டெங்கு வராதவர்களுக்கு நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று அதைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது.

வைரஸைக் கொல்லும் மருந்து நடைமுறைக்கு வரவில்லை. காப்பாற்றுவது உப்புநீர்தான், அதுவும் அளவோடு. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் அதிர்ச்சி நிலையில் வந்த 512 குழந்தைகளுக்கு வெவ்வேறு திரவங்களை ஏற்றிப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. இறந்தது ஒரே ஒரு குழந்தை. அதிர்ச்சி மிதமாக இருந்தவர்களுக்கு விலை மலிவான ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரே போதும் என்று தெரிந்தது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஏற்ற வேண்டும். போகும் சிறுநீரை அளக்க வேண்டும். சில மணிக்கு ஒருமுறை பி.சி.வி. பார்க்க வேண்டும். வார்டில் உழைப்பு முழுக்க இதில்தான்.

ஏனென்றால் ஒன்றிரண்டு நாளில் கசிவு தானாக நின்று, நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கிய நீர் ரத்தத்துக்கே திரும்பிவிடும். பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும், சிவந்த தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து அரிக்கும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். அதனால் டாக்டர் பாதி பாட்டிலிலேயே ஊசியைக் கழற்றச் சொல்வார். "இன்னும் எழுந்து நடக்கக்கூட இல்ல, அதுக்குள்ள ஏன் நிறுத்துறீங்க?" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான்.