கூரை லைட்டுக்கு மிஸ்ட் மசியாது

தலவாக்கலை–பூண்டுலோயா பாதையில் ஒரு வளைவில் எதிர்மலைத் தேயிலைச் செடிகள் தெளிவாகத் தெரியும். அடுத்த வளைவில் மிஸ்ட் மூடி பொனட்டின் நுனிகூடத் தெரியாது. அந்த மிஸ்ட் இருட்டோடு சேரும் நேரத்தில்தான் கரட்டும் லீக்ஸும் ஏற்றிய கெப் வண்டிகள் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ புறப்பட வேண்டும், ஏனென்றால் சந்தை விடியலுக்கு முன்பே கூடிவிடும். தோட்டத்தில் நடுராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி கண்டாலும் கிடைக்கிற லொறியோ கெப்போதான் அம்புலன்ஸ். மலையகத்தில் மேலதிக லைட் மாட்டுகிறவர்கள் எல்லாரும் அழகுக்காக மாட்டுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

வண்டிகளின் வயதும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸும் எல்-200உம் தட்டிக்கொட்டி ஓட்டப்பட்டன. வெயிலும் மழையும் பட்டு ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகம் மஞ்சளித்துவிட்டது. உள்ளே பல்ப் எரிந்தாலும் வெளிச்சம் வெளியே வருவதில்லை. உடனே கேபினின் கூரையில் நீளமான எல்.இ.டி. பார் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். காசு வீணாவது அந்த இடத்தில்தான்.

மிஸ்ட் என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஒரு துளியின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது ஒன்றுமில்லை; ஒளியின் அலைநீளத்தோடு பார்த்தால் இருபது மடங்கு பெரியது. அதில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது, ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் திரும்பி வருவதும் அதிகம். கூரை பாரைப் போட்டதும் பாதை மறைந்து முன்னால் வெள்ளையாக மட்டும் தெரிவது இதனால்தான். ஹை பீம் போட்டாலும் இதே கதை.

மஞ்சள் லைட் மிஸ்டைத் துளைக்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். பிரான்ஸ் 1936இல் மஞ்சள் ஹெட்லைட்டைச் சட்டமாகவே ஆக்கி 1993 வரை வைத்திருந்தது. ஆனால் துளிகள் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது மஞ்சளும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் சிதறும். மஞ்சளில் கண் கூசுவது குறைவு என்பவர்கள் உண்டு; அந்த அளவுக்கு அதை விரும்பலாம். நிறத்தைவிட இடம்தான் முக்கியம்.

ஃபொக் லைட் எனத் தனியாகச் செய்யப்படும் விளக்கில் ஒளி அகலமாகவும் தட்டையாகவும் விரியும். மேல்விளிம்பு கோடு போட்டதுபோல் வெட்டுப்பட்டு நிற்கும். ஐரோப்பிய விதிப்படி கார்களிலும் சிறிய சரக்கு வண்டிகளிலும் அது தரையிலிருந்து 80 சென்றிமீற்றருக்கு மேலே போகக்கூடாது, 25க்குக் கீழே இறங்கவும் கூடாது. பம்பரின் உயரம் அது. அங்கிருந்து போகும் ஒளி பார்வைக்கோட்டின் அடியிலேயே சென்று, பாதையோர வெள்ளைக் கோட்டையும் கானின் விளிம்பையும் காட்டும். மலைப்பாதையில் ஓட்டுநருக்கு வேண்டியது அவைதான்.

சரி, வாங்கியாயிற்று. வயரிங்?

55 வொட்ஸ் ஹலஜன் விளக்குகள் இரண்டுக்கு 110 வொட்ஸ். 12 வோல்ட் பெட்டரியில் அது 9 அம்பியருக்குச் சற்று மேல். அவ்வளவு மின்னோட்டத்தையும் டேஷ்போர்டிலுள்ள சின்ன சுவிட்ச் வழியாகவே கொண்டுபோனால் சுவிட்ச் சூடாகும், நாளடைவில் உருகும். அதற்குத்தான் ரிலே. தோட்டத்துப் பாஷையில் சொன்னால் சுவிட்ச் துரை, ரிலே கங்காணி: துரை வாயசைத்தால் போதும், ஆள்திரட்டி வேலை வாங்குவது கங்காணி. சுவிட்சிலிருந்து ரிலேயின் சுருளுக்குப் போவது கால் அம்பியருக்கும் குறைவு. சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் தகட்டை ‘டிக்’கென்று இழுக்க, பெட்டரியின் பெரிய மின்னோட்டம் அந்தத் தகட்டின் வழியே விளக்குக்குப் பாயும். 1830களில் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி காட்டிய தத்துவம், தந்தியில் பயன்பட்டு, இன்று தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பெட்டியாகப் பொனட்டுக்குள் இருக்கிறது.

ரிலேயின் அடியில் நான்கு கால்கள், ஒவ்வொன்றுக்கும் எண். 30 பெட்டரியின் பிளஸ்ஸுக்கு. 87 விளக்குக்கு. 85 எர்த்துக்கு, 86 சுவிட்சிலிருந்து வரும் வயருக்கு. சுவிட்சுக்கு மின்சாரத்தைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுப்பது நல்லது; பார்க் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும், மறந்துபோய் இறங்கினாலும் பெட்டரி காலியாகாது. 30ஆம் காலுக்குப் போகும் வயரில் 15 அம்பியர் ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பது விளக்கையல்ல, வயரை. பெட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள வயர் வண்டியின் பொடியில் உரசி ஷோர்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது; வண்டி பற்றிக்கொள்வது அப்படித்தான்.

வயரின் தடிப்பில் மிச்சம் பிடிக்கிறவர்கள் அதிகம். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை ஐந்து மீற்றர் ஓட்டி 9 அம்பியர் செலுத்தினால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். ஹலஜன் பல்புக்கு 12க்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் கால்வாசி குறையும். அதே தூரத்துக்கு 2.5 வயர் போட்டால் இழப்பு மூன்றிலொரு வோல்ட் மட்டுமே.

பூண்டுலோயாவின் ஈரத்தில் முதலில் கெடுவது எர்த். பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கினால் சில மாதத்தில் துரு ஏறும், லைட் மினுக்கும், பழி பல்பின் மேல் விழும். தகரம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகர விளிம்பு வயரை அறுத்துவிடும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது மலைக்கு ஆகாது. மழைக்காலத்தில் டேப்புக்குள் தண்ணீர் தங்கும். நல்ல வயரிங் பாஸ் ஒருவர் லக் அடித்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டுத்தான் கொடுப்பார்.

எல்.இ.டி. ஃபொக் லைட் மின்சாரத்தைக் குறைவாகவே குடிக்கும், ஆயுளும் அதிகம், தாராளமாக வாங்கலாம். ஹலஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பை மட்டும் செருகுவது வேறு விஷயம். ஒளி புறப்படும் புள்ளி இடம் மாறுவதால் அந்த வெட்டுக்கோடு கலைந்து, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாக மாட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது பெரிய சச்சரவானது. கலர் லைட்டும் கூரை பாரும் மாட்டியவர்கள் அதை மறக்காமலிருப்பது நல்லது.

என்னதான் லைட் இருந்தாலும் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் பதினைந்து மீற்றர் போயிருக்கும். ஃபொக் லைட்டை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். மிஸ்ட் கலைந்ததும் அதை அணைத்துவிடுங்கள், எதிரே வரும் ஓட்டோக்காரருக்கும் பாதை தெரியட்டும்.