நீரை ஆவியாக்காமல் கரி

ஈரக் கழிவை எரித்து வெப்பம் எடுக்கலாம் என்று சொல்வது எளிது. கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். காய்கறிக் கழிவிலும் கழிவுநீர்க் கசடிலும் பெரும்பாலும் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். அப்படி ஒரு கிலோ கழிவில் உலர்ந்த பொருள் வெறும் 200 கிராம். அதை எரித்தால் ஏறத்தாழ 3 மெகாஜூல் வெப்பம் வரும். மீதி 800 கிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 2 மெகாஜூல் போய்விடும். எனவே ஈரக் கழிவை எரிபொருளாக்க நினைப்பவர் முதலில் விடை காண வேண்டியது நீரின் கேள்விக்கு.

நீர்வெப்பக் கரியாக்கம் என்ற முறை அங்கேதான் தொடங்குகிறது. கழிவை ஈரத்தோடே மூடிய கலனில் அடைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சில மணி நேரம் சூடாக்குகிறார்கள். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 15 மடங்குக்கு ஏறுவதால் நீர் கொதித்து ஆவியாகாமல் நீராகவே இருக்கிறது. வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான், அழுத்தம் மட்டும் பல மடங்கு. ஆவியாக்கும் செலவு இல்லாததால் அந்த 800 கிராம் நீருக்கு 0.6 மெகாஜூல் போதும். அதிலும் ஒரு பகுதியை வெளியேறும் சூட்டிலிருந்து மீட்டு, அடுத்து வரும் கழிவுக்குக் கொடுக்கலாம். உள்ளே செல்லுலோஸ் போன்றவை சிதைந்து, தம்மிடமுள்ள ஆக்சிஜனை நீராகவும் கரியமில வாயுவாகவும் இழந்து பழுப்புக் கரியாகின்றன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: செல்களுக்குள் சிக்கியிருந்த நீர் விடுபடுவதால், முன்பு எவ்வளவு அழுத்தியும் பிழிய முடியாத கசட்டை இப்போது இயந்திரத்தில் பிழிந்தே பெருமளவு உலர்த்திவிடலாம். ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் பெர்கியஸ் 1913இலேயே இந்த வினையை விவரித்தார். உயர் அழுத்த வேதியியலுக்காக 1931இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசும் பெற்றார். பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த முறைக்கு, போட்ஸ்டாம் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் மார்குஸ் அன்டோனியெட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுவாழ்வு தந்தார்.

சாண எரிவாயுக் கலன் இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோற்றுக் கழிவுக்கும் பழக் கழிவுக்கும் எரிவாயுதான் முதல் வழி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மரத்தன்மையுள்ள லிக்னினை அங்குள்ள நுண்ணுயிர்களால் செரிக்க முடியாது. வாயு எடுத்த பிறகும் ஈரக் கசடு மிஞ்சும். கரியாக்கத்துக்கு உரிய இடம் அந்த மிச்சம்தான். எரிவாயுவுக்குப் போட்டியாக இதை விற்க முயல்பவர்கள் தவறான இடத்தில் கடை விரிக்கிறார்கள்.

கரி தூய்மையானதா என்பது அடுத்த கேள்வி. பொட்டாசியமும் குளோரினும் பெருமளவு நீரில் கரைந்து போவதால் உலையில் படிவும் அரிப்பும் குறையும். கன உலோகங்களோ பெரும்பாலும் கரியிலேயே தங்கும். ஆகவே புகை வடிகட்டி இல்லாத அடுப்பில் கசட்டுக் கரியை எரிக்கவே கூடாது. பிழிந்தெடுத்த நீரில் கரிம அமிலங்களும் ஃபீனால்களும் நிறைந்திருக்கும். அதை ஓடையில் விட்டால் ஒரு மாசை இன்னொரு மாசாக மாற்றியதாகிவிடும். எரிவாயுக் கலன் பக்கத்திலேயே இருந்தால் இந்நீரை அதற்குள் அனுப்பி, கரைந்துள்ள கரிமப் பொருளின் பெரும்பகுதியை மீத்தேனாக்கலாம். இரண்டையும் இணைத்தே அமைக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கசட்டுக் கரியை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு கலந்து எரிப்பதும் எளிதான வழியாகத் தோன்றும். அப்படிச் செய்தால், பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் நிலக்கரிச் சாம்பலோடு கலந்து மீட்க முடியாமல் போகும். ஜெர்மனி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, அங்குள்ள பெரிய கழிவுநீர் நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுத்தாக வேண்டும். அதனால் கரியைத் தனி உலையில் எரித்துச் சாம்பலைத் தனியே சேர்ப்பது, அல்லது எரிக்கும் முன்பே அமிலத்தால் பாஸ்பரஸைக் கரைத்தெடுப்பது என்ற இரண்டில் ஒன்றை, ஆலை கட்டும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.