இதயச் செயலிழப்பு உள்ளவர் ஊர் திரும்பும்போது

“இதயச் செயலிழப்பு” என்று வைத்தியர் சொன்னதும், இதயம் நின்றுவிடப் போகிறது என்று குடும்பத்தினர் பயப்படுவது வழமை. பெயர்தான் அப்படி. இதயம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் பலம் அதற்குக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தை அனுப்புகிறது. இது குறையும்போது, உடலில் நீர் போதாது என்பதுபோல் சிறுநீரகங்கள் நடந்துகொள்கின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கின்றன. அந்த நீர் கால்களில் இறங்கினால் வீக்கம், நுரையீரலில் தேங்கினால் இளைப்பு. உப்பைக் குறையுங்கள், நிறையைப் பாருங்கள், சலம் போகிற குளிசையை விடாதீர்கள் என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

முன்பு வந்த மாரடைப்பு, கட்டுப்படாத பிறசர், நீரிழிவு, அதிக மதுப் பாவனை ஆகியவற்றால் இது வரலாம். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களுக்கும் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி எழுதப்பட்டிருந்தால், இடம் மாறியதால் அது தவறிப்போகக் கூடாது.

இளைப்பை “முட்டு வருத்தம்” என்று நினைத்து பம்ப் வாங்கி இழுத்துக்கொண்டு காலத்தைக் கடத்துபவர்கள் உண்டு. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து இருந்தால் சுகமாக இருக்கிறதா? முன்பு ஒரு தலையணை போதும், இப்போது இரண்டு மூன்று வேண்டியிருக்கிறதா? கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறதா? இவை இருந்தால் வைத்தியசாலைக்குப் போய் இதயத்தையும் பரிசோதிக்கக் கேளுங்கள். குழந்தை பிறந்த தாய்மாருக்குப் பிரசவத்தை அண்டிய மாதத்திலும் அதன் பின் 5 மாதங்கள் வரையிலும் இதயத்தசை பலவீனமடைவது உண்டு. “பிள்ளைப்பெற்ற களைப்பு” என்று இருந்துவிடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள்.

திரும்பி வரும் முதல் மாதம்

இந்த நோய் உள்ளவருக்கு மீள்குடியேற்றத்தில் மிகவும் ஆபத்தான காலம் ஊருக்கு வந்த முதல் சில கிழமைகள்தான். பழைய இடத்துக் கிளினிக் தூரமாகிவிடும். புதிய இடத்தில் இன்னும் பதியவில்லை. வீட்டுக்காரர் கூரைத் தகரத்தையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டிருக்க, குளிசைப் பை வெறுமையாகிவிடும். இரண்டு மூன்று நாள் மருந்தில்லாமல் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். நீர் மெதுவாகத்தான் சேரும்; ஒரு இரவில்தான் மூச்சு முட்டும்.

ஆகவே புறப்படும் முன்பே கடைசிக் கிளினிக் நாளில், இடம் மாறுவதைச் சொல்லி, குறைந்தது ஒரு மாத மருந்தையும் புதிய மாவட்டத்து வைத்தியசாலைக்கு ஒரு கடிதத்தையும் கேளுங்கள். கிளினிக் கொப்பி, ஈசிஜி, எக்கோ அறிக்கை ஆகியவற்றை மழை படாத உறையில் இட்டு, சாமான் ஏற்றும் ட்ரக்டரில் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள். இந்தியாவில் இருந்து வருபவர்கள் குளிசை அட்டைகளையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். அங்கும் இங்கும் கம்பனிப் பெயர்கள் வேறாக இருக்கும். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரை வைத்துத்தான் இங்குள்ள வைத்தியர் அதே மருந்தை எழுதுவார்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சையும் கிளினிக் மருந்தும் இலவசம். அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் காட்டினால், தேவைக்கேற்ப ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். காணிப் பதிவும் விலாசமும் சரியாகும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

மருந்துகளில் பியூரோசமைட் நீரை வெளியேற்றுவது. அதைக் குடித்தால் அடிக்கடி சலம் போகும். மலசலகூடம் இன்னும் கட்டாத காணியில், அதுவும் பெண்களுக்கு, இது பெரிய சங்கடம். இதற்காகவே குளிசையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், எந்த நேரத்தில் குடித்தால் வசதி என்று வைத்தியரிடம் வெட்கப்படாமல் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எனலாப்ரில், லொசாட்டன், பிசோப்ரொலோல், கார்வெடிலோல், ஸ்பைரோனோலக்டோன் போன்றவை இதயத்தின் சுமையைக் குறைத்து அதைப் பாதுகாப்பவை. சுகமாக இருக்கிறது என்று இவற்றை நிறுத்தக் கூடாது. பிசோப்ரொலோல், கார்வெடிலோலைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. எனலாப்ரில் குடிக்கும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சொன்னால் மாற்று மருந்து தருவார்கள். கர்ப்பம் தரித்திருந்தாலோ, அப்படிச் சந்தேகம் இருந்தாலோ எனலாப்ரிலும் லொசாட்டனும் பொருந்தாது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காணி துப்பரவாக்கி உடம்பு நோகிறது என்று கடையில் டைகுளோபினாக், ஐபுபுரோபன் வாங்கிக் குடிப்பது இந்த நோயாளருக்குக் கூடாது. அவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடும். நோவுக்கு பனடோலைச் சரியான அளவில் பாவிக்கலாம்.

உப்பும் தண்ணீரும்

ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது. கறிக்குப் போடும் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சாப்பிட்டால் பயனில்லை. சமையலறை சீராகாத நாட்களில் ரின் மீனும் பாணும் கருவாடும்தான் கைகொடுக்கும் என்பது தெரியும். வேறு வழியில்லாத நாளில் ரின் மீனின் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனைக் கழுவி, உப்புப் போடாமல் சமையுங்கள். நோயாளருக்குத் தனிச்சட்டி வைக்க வேண்டியதில்லை. முழுக் குடும்பத்துக்கும் உப்பைக் குறைத்து, தேசிக்காய்ப் புளி, மிளகு, உள்ளி, கறிவேப்பிலையால் ருசி சேர்த்தால் எல்லோருக்கும் நல்லது. கிணற்று நீர் உவராக இருந்தால் அதிலும் உப்பு உண்டு. குடிக்கவும் சமைக்கவும் நன்னீர் எடுக்க முயலுங்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்; வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் ஒரு போத்தலில் அளந்து வைத்துக் குடியுங்கள். இளநீர், செவ்விளநீர் உடலுக்குக் குளிர்ச்சி என்று அள்ளிக் கொடுக்க வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். எனலாப்ரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் குடிப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பைக் குழப்பலாம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போய், சலம் போகிற குளிசையைத் தொடர்வதா என்று கேளுங்கள்.

நிறை பார்க்கும் மெசின் வீட்டில் இல்லாவிட்டால், அயலில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். காலையில் சலம் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடுப்போடு நிறை பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். 3 நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை அல்ல, நீர். வீக்கம் தெரியுமுன்பே மெசின் சொல்லிவிடும். கிளினிக் நாள் வரும் வரை பார்த்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மெசினே கிடைக்காவிட்டால் தலையணை எண்ணிக்கையையும் செருப்பு இறுகுவதையும் கவனியுங்கள்.

வேலையே செய்யாமல் படுத்திருக்கவும் தேவையில்லை. நடக்கலாம், கோழிக்குத் தீன் போடலாம், வளவு கூட்டலாம். வேலை செய்யும்போது ஒரு வசனம் பேச முடிகிறதென்றால் அந்த வேலை உங்களுக்கு ஏற்றது. கிணறு இறைப்பது, மரம் தறிப்பது, சீமெந்துப் பை தூக்குவது மற்றவர்களுக்கு. உச்சி வெயிலில் வெளிவேலை வேண்டாம். புகைத்தலும் மதுவும் முற்றாக நிறுத்தப்பட வேண்டும்.

இருந்தபடியே மூச்சு முட்டுதல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், நெஞ்சு நோ, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். உள்ளூர்ப் பாதையை அறிந்த ஒருவரைப் பிரதான வீதிச் சந்தியில் ரோச் லைற்றோடு நிறுத்தி வையுங்கள். வாகனம் வரும் வரை நோயாளரைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து இருக்கச் செய்யுங்கள். கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் அவரோடு போகட்டும்.