சக்கரத்தின் மேல் குடித்தனம்

வீடு என்றால் நம் மனதில் என்ன தோன்றும்? நான்கு சுவர் தோன்றும். கூரை தோன்றும். வாசலில் கதவு எண் இருக்கும். தபால்காரர் அந்த எண்ணைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்.

வீடே நகர்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? இன்று ஓர் ஊர். அடுத்த வாரம் வேறு ஊர். தபால்காரர் எங்கே போவார்? பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும்?

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் சிறு வீட்டைப் பூட்டி இழுத்துச் செல்கிறார்கள். அதற்குள் கட்டிலும் அடுப்பும் இருக்கும். குடும்பமே அதில் ஊர் மாறும். இதைக் கேட்டால் நமக்குப் புதுமையாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டிலேயே பல தலைமுறைகளாக வண்டியில் குடித்தனம் நடத்திய மக்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காடியா லோஹார் என்று அழைக்கிறார்கள்.

இந்தியில் 'காடி' என்றால் வண்டி. 'லோஹார்' என்றால் இரும்புக் கொல்லர். காடியா லோஹார் என்றால் வண்டிக் கொல்லர்.

இவர்களின் பூர்வீகம் ராஜஸ்தான். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஹரியானா, டெல்லி ஆகிய இடங்களிலும் இவர்களைப் பார்க்கலாம்.

ஏன் ஊரை விட்டார்கள்?

ராஜஸ்தானில் மேவார் என்று ஒரு நாடு இருந்தது. சித்தோர் கோட்டை அதன் தலைநகரம். 1567-ஆம் ஆண்டு முகலாயப் பேரரசர் அக்பரின் படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. 1568 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது. அப்போது மேவாரின் அரசர் உதய சிங். அவருடைய மகன்தான் ராணா பிரதாப். பிரதாப் கடைசி வரை அக்பருக்குப் பணியவில்லை. ஆனால் 1597-இல் அவர் இறக்கும் வரை சித்தோர் கோட்டை அவர் கைக்கு வரவே இல்லை. இது வரலாறு.

காடியா லோஹார் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. எங்கள் முன்னோர்கள் மேவார் படைக்கு வாளும் ஈட்டியும் செய்து கொடுத்தவர்கள் என்கிறார்கள். கோட்டை விழுந்ததும் அந்த முன்னோர்கள் ஐந்து சபதம் எடுத்தார்களாம்.

சித்தோர் கோட்டை மீளும் வரை அதற்குள் போக மாட்டோம்.
வீட்டில் வாழ மாட்டோம்.
கட்டிலில் படுக்க மாட்டோம்.
இரவில் விளக்கு ஏற்ற மாட்டோம்.
கிணற்றில் நீர் இறைக்கக் கயிறு வைத்திருக்க மாட்டோம்.

இவர்களின் வண்டியில் கட்டில் இருக்கும். ஆனால் கால்கள் மேலே பார்க்க, கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்தச் சபதத்தின் அடையாளமாக அதைச் சொல்வார்கள்.

ஊர் சுற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வயிற்றுப் பிழைப்பு. ஒரு சிறு ஊரில் எத்தனை அரிவாள் தேவைப்படும்? எத்தனை கலப்பைக்குக் கொழு தேவைப்படும்? சில நாட்களில் வேலை முடிந்துவிடும். பிறகு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பல ஊர்களைச் சுற்றினால்தான் கொல்லருக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும்.

வண்டியே வீடு, பட்டறை, பெட்டகம்

காடியா லோஹாரின் வண்டி மற்ற மாட்டு வண்டியைப் போல் இருக்காது. கனமான மரத்தில் செய்திருப்பார்கள். பலகைகளில் பித்தளைத் தகடும் குமிழும் பதித்திருப்பார்கள். வண்டியிலேயே பெட்டி அமைந்திருக்கும். தானியம், துணி, நகை எல்லாம் அதற்குள் இருக்கும். பாத்திரம், துருத்தி, சம்மட்டி, குறடு இவையும் வண்டியில் ஏறிவிடும். குழந்தைகளும் கோழியும் மேலே உட்கார்ந்துகொள்வார்கள்.

ஊர் எல்லைக்கு வந்ததும் வண்டியை நிறுத்துவார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள். வண்டியின் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுவார்கள். தரையில் சிறு குழி தோண்டினால் அதுவே உலை.

துருத்தி காற்றை ஊதும். கரி கனன்று சிவக்கும். இரும்பும் சிவக்கும். கணவர் குறடால் இரும்பைப் பிடித்துப் பட்டடைக்கல் மேல் வைப்பார். மனைவி எதிரே நின்று சம்மட்டியால் அடிப்பார். இந்தக் காட்சி வெளியூர்க்காரர்களை வியக்க வைக்கும். பல இடங்களில் சம்மட்டி அடிப்பது ஆண்களின் வேலை. இங்கே அது பெண்களின் வேலை. இருவரும் சேர்ந்தால்தான் உலை எரியும்.

பழைய இரும்பும் இவர்கள் கையில் வீணாவதில்லை. லாரியின் பழைய வில்பட்டையை வெட்டிக் கோடரி செய்வார்கள். அதன் விளிம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அப்போது எஃகு இறுகும். வெட்டும் முனை எளிதில் மழுங்காது. இடுக்கி, கரண்டி, களைக்கொத்தி, அரிவாள், கோடரி என்று வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டியதைச் செய்து விற்பார்கள்.

1955-இல் ஒரு விழா

நாடு விடுதலை பெற்றது. இனி எதற்குச் சபதம் என்று பலரும் பேசினார்கள். 1955 ஏப்ரல் 6-ஆம் நாள் சித்தோரில் பெரிய விழா நடந்தது. பிரதமர் ஜவஹர்லால் நேரு வந்தார். காடியா லோஹார் மக்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். முன்னோர் எடுத்த சபதம் நிறைவேறியது என்று அறிவிக்கப்பட்டது.

பிறகு அவர்கள் நிலையாகத் தங்குவதற்கு அரசு இடம் கொடுத்தது. குடியிருப்புகள் உருவாயின. சிலர் தங்கினார்கள். பலர் மீண்டும் வண்டி ஏறினார்கள்.

ஏன்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு கொல்லர்கள் ஒரே இடத்தில் குடியிருந்தால் எல்லோருக்கும் வேலை கிடைக்குமா? அரிவாள் வாங்குகிறவர்கள் நூறு ஊர்களில் இருக்கிறார்கள். வீடு மட்டும் கொடுத்தால் போதாது. வீட்டுக்குப் பக்கத்தில் பிழைப்பும் இருக்க வேண்டும்.

சக்கரம் நின்றது

இப்போது காலம் மாறிவிட்டது. தொழிற்சாலையில் செய்த கத்தியும் அரிவாளும் கடைக்கு வந்துவிட்டன. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. மரக் கலப்பை குறைந்துவிட்டது. மாட்டுக்குத் தீவனம் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. மாட்டை விற்றவர்கள் பலர்.

அதனால் பல வண்டிகள் நகரச் சாலை ஓரங்களில் நின்றுவிட்டன. வண்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயும் தகரமும் போட்டுக் குடிசை எழுந்தது. அந்த இடத்திலேயே பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அந்த இடம் அவர்களுடையது அல்ல. சாலையை அகலப்படுத்தினால் குடிசை போய்விடும்.

முன்பு ஊர் ஊராகப் போனார்கள். அது அவர்களே தேர்ந்த பயணம். இப்போது யாரோ எழுப்பிவிடுகிறார்கள். இது வேறு.

முகவரி இல்லாவிட்டால் சான்றிதழ் வாங்குவது கடினம். சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் கடனும் கிடைப்பது கடினம். இந்தத் துன்பம் காடியா லோஹார் மக்களுக்கு மட்டும் அல்ல. நாடோடிச் சமூகங்கள் பலவற்றுக்கும் உண்டு. இவர்களின் நிலையை ஆராய 2006-இல் ரெங்கே ஆணையமும், 2015-இல் இதாதே ஆணையமும் அமைக்கப்பட்டன. மிகப் பலருக்குச் சொந்த நிலமோ வீடோ இல்லை என்று ரெங்கே ஆணையம் 2008-இல் தந்த அறிக்கை சொன்னது. 2022-இல் மத்திய அரசு இவர்களுக்காகத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கல்விப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, தொழில் உதவி, வீடு கட்ட உதவி ஆகிய நான்கும் அதில் சேர்ந்தன.

ஊர் மாறினாலும் உரிமை மாறாது

ஊர் மாறுகிறவர்கள் நாடோடிகள் மட்டும்தானா? செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

பள்ளி: 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை. இதற்கான சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும் மறுக்கக் கூடாது.

ரேஷன்: 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கியது. 2022-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை உள்ளவர்கள் வேறு மாநிலத்து ரேஷன் கடையிலும் தங்கள் தானியத்தை வாங்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் வெளியூரிலும் இருந்தால், அவரவர் இருக்கும் இடத்தில் பங்கை வாங்கிக்கொள்ளலாம்.

வாக்கு: வீடு இல்லாதவருக்கும் வாக்குரிமை உண்டு. படிவம் 6-இல் தாம் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுக்கலாம். அலுவலர் இரவு நேரத்தில் வந்து பார்ப்பார். ஒரு நாள் மட்டும் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வருவார். அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று தெரிந்தால் பெயரைச் சேர்க்கலாம். வீட்டுச் சான்று கேட்க வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக நடந்து வராது. தெரிந்தவர்தான் கேட்க முடியும். எழுதத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுக்கலாம். நமக்கு இப்போது எழுதத் தெரியும். நம் ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம் ஒன்று பள்ளி வாசலில் தயங்கி நின்றால், நாம் கூடப் போய் நிற்கலாம்.

சேர்ந்து பேசுவோம்

1. காடியா லோஹார் மக்கள் ஊர் ஊராகப் போனதற்கு என்ன காரணங்கள்?
2. வீடு கொடுத்தும் சிலர் ஏன் தங்கவில்லை?
3. உங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் உண்டா? அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா?
4. உங்கள் ஊரில் கொல்லன் பட்டறை இருந்ததா? இப்போதும் இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.