கால் மைல் ஓட்டம்

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பந்தயம் ஓடின. ஒன்றை ஓட்டியவன் என் வகுப்புத் தோழன். பாலத்துக்கு அருகே எதிரில் வந்த பால் வண்டிக்கு விலகப் போய், தடுப்புச் சுவரில் மோதினான். உயிர் பிழைத்தது, வலது கால் எலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. அந்தப் பருவத் தேர்வை அவன் எழுதவில்லை. இன்றும் மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் என் மாமாவின் பட்டறைக்குப் போனேன். மாமா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். சிறுவனாக இருந்தபோது தம் முதலாளியுடன் சோழவரம் பந்தயத்துக்குப் போய் வந்தவர். நடந்ததைச் சொன்னேன். தோழனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. “வேகம் தப்பில்ல மாப்ளே, ஓடுன இடந்தான் தப்பு” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தம் கைப்பேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினார்.

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர், இரவு நேரம். நீண்டு மெலிந்த பழைய பந்தயக் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றின் புகைக்குழாய்களிலிருந்து தீ நாக்குகள் மேலே பாய்ந்தன. ஆனால் ஒரு காரும் ஓடவில்லை. சுற்றிலும் நரைத்த தலையினர் கூட்டம். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர்.

“என்ன மாமா, ஓடவே இல்லையே?” என்றேன்.

“இதெல்லாம் ஓடி முடிச்ச வண்டி மாப்ளே. அந்தச் சத்தத்தக் கேக்கத்தான் இவ்வளவு பேரும் வந்திருக்காங்க” என்றார் மாமா.

ஓடாத காரின் ஓசையைக் கேட்க முதியவர்கள் ஏன் கூட வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்கத் தூண்டியது. படித்தறிந்தவற்றை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிராக் பந்தயம் என்பது யாது?

பந்தயங்களிலெல்லாம் மிக எளியது டிராக் பந்தயம். வளைவில்லாத நேர்ப்பாதை, இரண்டு கார்கள், நின்ற நிலையிலிருந்து புறப்பாடு. கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை (ஏறத்தாழ 402 மீட்டர்), முதலில் கடப்பவர் வென்றவர். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். தொடக்க காலத்தில் ஒருவர் கொடியசைத்து ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1963 முதல் வண்ண விளக்குகள் கொண்ட கம்பம் அந்த வேலையை ஏற்றது. பல வண்ண விளக்குகள் எரிவதால் அதற்குக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வந்தது.

வறண்ட ஏரியும் விமானத் தளமும்

இப்பந்தயத்தின் தாயகம் கலிபோர்னியா மாநிலம். 1930களில் அங்குள்ள இளைஞர்கள் பழைய போர்டு கார்களை மலிவு விலைக்கு வாங்கி, பாரமான பாகங்களைக் கழற்றியெறிந்து, என்ஜினைத் தாமே திருத்தி, மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். இத்தகைய கார்களை ‘ஹாட் ராட்’ என்றனர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படையிலிருந்து திரும்பியவர்களிடம் இயந்திர அறிவு இருந்தது. கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. பாலைவனமோ தொலைவில் இருந்தது. எனவே பலர் ஊர்ச் சாலைகளிலேயே இரவில் பந்தயம் ஓடத் தலைப்பட்டனர். விபத்துகள் பெருகின. செய்தித்தாள்கள் ஹாட் ராட் இளைஞர்களைக் கண்டித்து எழுதின. போலீசார் விரட்டிப் பிடித்தனர். ஆயினும் பந்தயம் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் சிலர் வேறு விதமாகச் சிந்தித்தனர். 1950இல் சாண்டா அனா நகரத்து விமான நிலையத்தின் பயன்படாத ஓடுதளம் ஒன்றில், சி. ஜே. ஹார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கட்டணம் வாங்கிக்கொண்டு வாரந்தோறும் பந்தயம் நடத்தத் தொடங்கினர். 1951இல் ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். காரைச் சோதித்துப் பார்த்தல், தலைக்கவசம், இருக்கை வார் என விதிகள் பிறந்தன. 1954இல் அச்சங்கம் நால்வர் அடங்கிய குழுவொன்றை ஒரு காரிலும் அதன் பின்னிழுத்த வண்டியிலும் நாடெங்கும் அனுப்பியது. பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று ஊர் ஊராகச் சென்று கற்பிப்பதே அக்குழுவின் பணி. 1955இல் முதலாவது தேசியப் போட்டி கான்சஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் என்னும் ஊரில், போர்க்கால விமானத் தளமொன்றில் நடந்தது. மழை குறுக்கிட்டதால் இறுதிச் சுற்றுகளைப் பின்னர் அரிசோனாவில் நடத்தி முடித்தனர்.

போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளங்கள் போர் முடிந்தபின் இளைஞர்களுக்குப் பயன்பட்டன. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையன்று. மாமா போய் வந்த சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமே. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் அமையும் வரை, பந்தயங்களை அங்குதான் நடத்தி வந்தது.

ஒன்பது விநாடிக் கணக்கு

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. காரை முன்னோக்கித் தள்ளுவது என்ஜின் என்று நினைக்கிறோம். உண்மையில் தள்ளுவது, டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு விசை. என்ஜின் எவ்வளவு வலிமையுடையதாயினும், டயர் வழுக்கினால் பயனில்லை. காரின் எடை முழுவதும் பின் சக்கரங்களின் மேல் அமர்ந்தாலும், முடுக்கம் உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் அளவைத் தாண்ட முடியாது.

உராய்வுக் கெழு 1 என்று கொள்வோம். முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர். 402 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் சற்றேறக்குறைய 9.06 விநாடி. ஆகவே ஒன்பது விநாடிக்குக் குறைவாக எந்தக் காரும் ஓட முடியாது என்று காகிதக் கணக்கு சொல்கிறது. ஆனால் 1964இல் டான் கார்லிட்ஸ் என்னும் ஓட்டுநர் எட்டு விநாடிக்கும் குறைவான நேரத்தில், மணிக்கு 201.34 மைல் வேகத்தில் கால் மைலைக் கடந்தார். கணக்கு எங்கே தவறியது?

பிழை கூட்டல் பெருக்கலில் இல்லை. உராய்வுக் கெழு 1க்கு மேல் போகாது என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது. மரக்கட்டைக்கும் மேசைக்கும் நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் விதி, மெதுவான ரப்பருக்கு அப்படியே பொருந்துவதில்லை. சூடேறிய ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் புகுந்து பற்றிக்கொள்கிறது. தரையோடு ஒட்டவும் செய்கிறது. அதனால்தான் டிராக் கார்களுக்கு வரியில்லாத, அகலமான, மெத்தென்ற டயர்களைப் பூட்டினர். புறப்படுமுன் சக்கரங்களைச் சுழற்றிப் புகையெழுப்புவதும் வெறும் வேடிக்கைக்கன்று. டயரைச் சூடாக்கவும், தரையில் ரப்பர் படியச் செய்யவுமே.

அடுத்தது எரிபொருள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் என்னும் திரவத்துக்கோ 1.7 கிலோ காற்றே போதும்; ஏனெனில் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைவிட அது தரும் வெப்பம் குறைவுதான். எனினும் ஒரே அளவு காற்றோடு பல மடங்கு மிகுதியாக அதை எரிக்கலாம் ஆதலால், சிலிண்டரில் கிடைக்கும் ஆற்றல் இரு மடங்குக்கும் மேலாகிறது. அதன் வெடியோசையும், கண்ணைக் கரிக்கும் புகையும் பழைய ரசிகர்களின் நினைவை விட்டு அகலாதவை. அதன் ஆபத்தைக் கண்டு சங்கம் 1957இல் தடை விதித்தது. 1960களின் நடுப்பகுதிக்குள் தடையை விலக்கிக்கொண்டது.

ஒரு பாதத்தின் விலை

அக்காலத்து டிராக் காரில் என்ஜின் முன்னே இருக்கும். ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால், என்ஜினுக்கு நேர் எதிரே அமர்ந்திருப்பார். கிளட்சோ கியர்ப் பெட்டியோ வெடித்தால் சிதறுவது அவர் கால்களருகே. எண்ணெய் தெறித்தால் அவர் முகத்தில். 1970 மார்ச் 8ஆம் நாள், லாங் பீச் அருகே இருந்த லயன்ஸ் டிராக் ஓடுதளத்தில், கார்லிட்ஸ் புறப்பட்ட அக்கணமே அவருடைய காரின் கியர்ப் பெட்டி வெடித்தது. கார் இரு துண்டாயிற்று. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று.

மருத்துவமனையில் படுத்திருந்தபோதே, என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது பற்றி அவர் திட்டமிட்டார். அவருக்கு முன்பும் சிலர் அப்படி முயன்றதுண்டு. அக்கார்கள் நேராக ஓட மறுத்தன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் குறைவாகத் திரும்பும்படி மாற்றியமைத்ததும் கோளாறு தீர்ந்தது. 1971இல் போமோனா போட்டியில் அக்கார் வென்றது. ‘சதுப்பு எலி’ என்று பொருள்படும் பெயரிட்ட அவருடைய கார் வரிசையில் அது 14ஆவது. சில ஆண்டுகளுக்குள் ஏனையோரும் அம்முறைக்கு மாறினர். பிற்காலத்தில் 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உயர்பிரிவின் வாகை சூடிய ஷெர்லி மல்டவ்னி என்ற பெண்மணி ஓட்டியவையும் பின்புற என்ஜின் கார்களே.

தீப்பிடிக்காத உடை, நிறுத்துவதற்குப் பாராசூட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு என்று அங்கே விதி மேல் விதி வந்தது. அவ்விதிகள் பலவற்றின் பின்னே யாரோ ஒருவருடைய காயம் இருக்கிறது. 2008இல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் இறந்த பிறகு, மிகுவேகக் கார்களுக்கான தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்துவிட்டனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போற்றிய கால் மைலைவிட ஓட்டுநரின் உயிர் பெரிதென்று கருதியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மூடிய கதவுகள்

இனி, முதியவர்களின் கண்ணீருக்கு வருவோம். சாலைப் பந்தயத்தைத் தடுப்பதற்காக லயன்ஸ் சங்கங்களின் முயற்சியால் 1955இல் திறந்த அந்த லயன்ஸ் ஓடுதளம், அண்டை வீட்டாரின் இரைச்சல் புகார்களுக்கிடையே 1972 டிசம்பர் 2ஆம் நாள் கடைசிப் பந்தயத்தோடு மூடப்பட்டது. சாண்டா அனா அதற்கு முன்பே, 1959இல் போயிற்று. இர்விண்டேல் 1977இல் போயிற்று. ஆரஞ்சு கவுண்டி பந்தயத் தளம் 1983இல் போயிற்று. நகரம் வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, ஓடுதளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

எஞ்சியவற்றுள் ஒன்று பேக்கர்ஸ்பீல்டுக்கு அருகிலுள்ள பமோசோ. இதுவும் போர்க்கால விமானத் தளமே. 1992இல் அங்கே பழைய ஓட்டுநர்களும் ரசிகர்களும் கூடும் விழா தொடங்கியது. துருப்பிடித்துக் கிடந்த கார்களைத் தேடியெடுத்து, பழைய வண்ணத்தையும் எழுத்தையும் அப்படியே தீட்டி, 2000 முதல் அவ்விழாவில் என்ஜின்களை முழக்கிக் காட்டினர். அந்நாளில் செய்ததுபோலவே ஒரு கார் பின்னாலிருந்து தள்ள, பழைய என்ஜின் உயிர்பெறும். பிறகு நின்ற இடத்திலேயே தீயும் முழக்கமும். மாமா எனக்குக் காட்டியது இத்தகைய காட்சியைத்தான்.

அவர்கள் வேகத்துக்காக மட்டும் அழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. போலீசார் விரட்டிய வயதில், ‘இங்கே வந்து ஓடு; ஆனால் முதலில் காரைச் சோதிக்கக் காட்டு’ என்று ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு இப்போது இல்லை. அதற்காகவே அழுகிறார்கள்.

நமக்கு என்ன?

நம் ஊர்ப் புறவழிச் சாலை பந்தயத் தளமன்று. அங்கே கொடியசைப்பவர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, எதிரில் வரும் பால்காரருக்குப் பந்தயம் நடப்பதே தெரியாது. என் தோழன் தன் உயிரை மட்டுமன்றி அவருடைய உயிரையும் பணயம் வைத்தான். இதில் எனக்கும் பங்குண்டு. முதல்நாள் மாலையே பந்தயச் செய்தி எனக்குத் தெரியும், நான் தடுக்கவில்லை.

ஆனால் “ஓட்டாதே” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை என்பதைக் கலிபோர்னியாவின் கதை காட்டுகிறது. வேகத்தின் மீது ஆசையுள்ளவனுக்கு இயந்திரத்தைக் கற்பிக்க ஒரு பட்டறையும், ஓட்டிப் பார்க்க ஒரு மூடிய தளமும், சோதித்துப் பார்க்கும் ஒரு பெரியவரும் வேண்டும். இம்மூன்றும் கிடைத்தால் சாலையை நாடுவோர் குறைவர்.

இக்கட்டுரையை முதலில் என் தோழனிடமே படித்துக் காட்டினேன். “என் பேரப் போடாதே; மத்ததெல்லாம் போடு” என்றான். இப்போது சனிக்கிழமைதோறும் மாமாவின் பட்டறைக்கு வருகிறான். சென்ற வாரம் ஒரு பழைய என்ஜினைத் தனியாகவே பிரித்து மாட்டினான். அது உதைத்த இரண்டாம் உதையிலேயே கிளம்பியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் சேர்த்து டீ சொன்னார்.