கைபேசி ஓய்ந்தபின் கேட்கும் குரல்



2004 டிசம்பர் 26 அன்று அந்தமானைச் சுனாமி தாக்கியபோது தொலைபேசிகள் செயலிழந்தன. ஹாம் ரேடியோ இயக்குவதற்காக அப்போது போர்ட் பிளேயர் வந்திருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், தப்பியவர்களின் நலச்செய்தியைத் தூரத்தில் தவித்திருந்த உறவினருக்கு அனுப்பினார்கள். ஹாம் ரேடியோவுக்குக் கைபேசிக் கோபுரம் வேண்டாம்; கருவியும் பேட்டரியும் ஆன்டெனாவும் போதும். ஆனால் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும், உரிமமும் வேண்டும்.

நாம் வாழும் பிரித்தானியாவில் முதற்படி ஃபவுண்டேஷன் உரிமம். வயது வரம்பு இல்லை. மோர்ஸ் தெரியவேண்டியதில்லை. தேர்வில் 26 கேள்விகள், நேரம் ஒரு மணி. 19 சரியானால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். அடிப்படை மின்னியல், ஆன்டெனா, பாதுகாப்பு, உரிம விதிகள் முதலியவற்றைப் படிக்கவேண்டும். தேர்வுக்குக் கட்டணம் உண்டு. தேறியபின் ஆஃப்காமிடம் இணையவழி விண்ணப்பித்தால் உரிமம் இலவசம். நமக்கே உரிய அழைப்புக்குறியும் கிடைக்கும். 25 வாட் வரை பயன்படுத்தலாம்.

உரிமம் வாங்கி மேசையில் வைத்தால் பயனில்லை. ஊரிலுள்ள ரேடியோ கழகத்தில் சேர்ந்து வாரந்தோறும் பேசிப் பழகவேண்டும். ஆபத்து வந்தபின் பழக நேரம் இராது. தனியே படிக்கத் தயங்குகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். அப்பா அம்மாவையும் அழையுங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குவோமா?