உறைபனி காத்த புல்வெளி

ஜனவரியில், வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் ஒரு விடிகாலையில், ஊட்டிக்கு வெளியே ஏதாவதொரு புல்வெளியில் போய் நின்று பாருங்கள். உப்பைக் கொட்டி வைத்ததுபோல் புல் முழுக்க உறைபனி. பக்கத்திலேயே இருக்கும் சோலைக்குள் நுழைந்தால் தரையில் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும். மரக்கூரை மண்ணின் சூட்டை எளிதில் வெளியே விடுவதில்லை. திறந்த புல்வெளியோ இரவெல்லாம் அதை வானத்துக்குக் கொடுத்துவிட்டு விறைத்துக் கிடக்கிறது.

நீலகிரியின் மேல்மலையில் சோலையும் புல்லும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்பதற்கு இந்த உறைபனி ஒரு முக்கியமான காரணம். சோலை மரத்தின் விதை புல்லுக்குள் விழுந்து முளைத்தாலும், பெரும்பாலும் குளிர்காலத்தில் கருகிவிடும். புல்லும் கருகத்தான் செய்யும். ஆனால் அதன் குருத்து மண்ணோடு ஒட்டிப் பத்திரமாக இருப்பதால் மழை கண்டதும் துளிர்த்துவிடும். புல்வெளி நடுவிலேயே தைரியமாக நிற்கும் உள்ளூர் மரம், சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடி வைப்பார்கள். காட்டு நாற்றுக்கு யார் போர்த்திவிடுவது?

இந்தக் காவலைச் சட்டை செய்யாமல் உள்ளே வந்தது சீகை மரம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதிதான் கறுப்புச் சீகையின் தாயகம். குளிர் அதற்குப் பழகியது. தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும், புல்வெளியைத் தரிசு என்று கருதிப் பல இடங்களில் நட்டுத் தள்ளினார்கள். இதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் சூட்டில் மேலோடு விரிந்து கூட்டமாக முளைக்கும். ஆய்வாளர்கள் சோலை மர நாற்றுகளையும் சீகை நாற்றுகளையும் புல்வெளியில் நட்டுப் பார்த்தபோதும், உறைபனியைக் கூடுதலாகத் தாங்கியது சீகைதான்.

இனி இரவுகள் வெப்பமாகி உறைபனி குறைந்தால்? சோலை நாற்றுகளும் புல்லுக்குள் பிழைக்குமே, நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோலை மரம் நிதானமாக வளர்வது. சில ஆண்டுகளில் தலைக்கு மேல் எழும் சீகைக்கு முன்னால் அது எம்மாத்திரம்? யார் முந்தினாலும் இடம் இழப்பது புல். வரையாட்டுக்கும் தோடர்களின் எருமைக்கும் மேய்ச்சல் அதுதான். தோடர் கோயில்களின் கூரையும் புல்லால் வேய்ந்ததுதான்.

மரக்கன்றோடு மலையேறி வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புல்வெளியைக் காலியிடம் என்று நினைத்துக் குழி தோண்டாதீர்கள்.